சேர்ந்தவர் ஏன் நிற்பதில்லை? மட்டக்களப்பில் ஒரு திறமூலப் பரப்புரைக் குழு: நிகழ்வு ஆய்வு

குழுவுக்கு ஆள் சேர்ப்பது மட்டக்களப்பில் பெரிய பாடு இல்லை. ஒரு பாடசாலையிலோ டியூஷன் வகுப்பிலோ அரை மணி நேரம் பேசி, கடைசியில் வட்ஸ்அப் குழுவின் இணைப்பைத் திரையில் காட்டினால் போதும். அன்றிரவே இருபது முப்பது பேர் வந்துவிடுவார்கள். அடுத்த மாதம் அவர்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

இங்கே குழு என்று சொல்வது ஒரு சிறு தன்னார்வக் கூட்டத்தை. லிப்ரே ஒஃபிஸ் (அலுவலக மென்பொருள்), ஃபயர்பொக்ஸ் (இணைய உலாவி), லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்று) போன்ற திறமூல மென்பொருள்களை, அதாவது மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடியவற்றை, கிழக்கில் தமிழ் பேசும் மக்களிடம் கொண்டுபோவது அதன் வேலை. பதிவு செய்த அமைப்பு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. நிரல் எழுதுவதும் இல்லை. போஸ்டர், குறுங்காணொளி, பேஸ்புக் பதிவு, பாடசாலைப் பேச்சு, அவ்வளவுதான். வந்தாறுமூலை, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று ஆட்கள் பரந்து கிடக்கிறார்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் சிலர் உண்டு. நேரில் கூடுவது கல்லடியில், ஞாயிறு மாலை சும்மா கிடக்கும் ஒரு டியூஷன் கொட்டிலில். ஒருங்கிணைப்பாளர் ஓர் அக்கா. நான் போஸ்டர்களில் எழுத்துப்பிழை பார்ப்பவன்.

ஆள் வரும் காலம்

மென்பொருள் சுதந்திர தினம் என்று ஒன்று 2004 முதல் பல நாடுகளில் நடக்கிறது. வழமையாக அது செப்டெம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை. 2024இல் அந்தச் சனி 21ஆம் திகதி விழுந்தது. அன்றுதான் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். பாடசாலை மண்டபங்கள் வாக்களிப்பு நிலையங்களாகிவிட்டன. தேர்தல் நேரத்தில் சுவரில் எதை ஒட்டினாலும் கேள்வி வரும் என்பதால் போஸ்டரையும் கட்டி வைக்க வேண்டியதாயிற்று. நிகழ்ச்சியைத் தள்ளிப்போட்டு, பிறகு ஒருவாறு நடத்தினார்கள். முதல் பெருந்தொகுதி அதன் வழியாக வந்தது. பெரும்பாலும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள்.

நவம்பர் 25ஆம் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்கியது. உடனேயே மழை வெள்ளம் வந்து பரீட்சை இடைநிறுத்தப்பட்டு, மறுபடி தொடங்கி, டிசெம்பர் கடைசிவரை இழுத்தது. குழுவை விட்டு ஒருவரும் வெளியேறவில்லை. ஒருவரும் பேசவும் இல்லை.

திறமூலத் திட்டங்களின் வழிகாட்டிகளை வாசித்தால், தன்னார்வலர் என்பவர் தொழில் செய்யும் ஆள், வார இறுதியில் ஓய்வாக இருப்பவர் என்ற எண்ணம் அடியில் ஓடுவது தெரியும். இங்கே கணக்கு வேறு. நமது நாட்காட்டியை எழுதுவது பரீட்சைத் திணைக்களம். உயர்தரம் எழுதி முடித்த பிள்ளைக்குப் பெறுபேறு வரும்வரை கிடைக்கும் அந்த நாலு மாதம்தான் உண்மையிலேயே கையில் நேரம் இருக்கும் காலம். 2024 பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. ஆகவே ஜனவரியில் இரண்டாம் தொகுதி வந்து சேர்ந்தது. இந்த ஆய்வு பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

ஏறாவூர்த் தம்பியின் போஸ்டர்

இரண்டாம் தொகுதியில் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு தம்பி கெட்டிக்காரர். விடுமுறையில் அச்சகத்தில் வேலை பார்த்துப் பழகிய கை. சேர்ந்த சில நாளிலேயே லிப்ரே ஒஃபிஸ் பற்றி ஒரு போஸ்டர் செய்து வெள்ளி இரவு குழுவில் போட்டார். ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் ‘மாஷா அல்லாஹ், வடிவா இருக்கு’ என்றார். இன்னொருவர் நிறத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லம் என்றார். மற்றவர் நிறம் சரி, எழுத்துத்தான் சின்னன் என்றார். அப்புறம் யாரோ ஒரு காலை வணக்கப் படத்தைப் போட, அதற்கு மேல் நாலு செய்தி வர, போஸ்டர் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

தம்பி அதன் பிறகு எதுவும் போடவில்லை. சில வாரம் கழித்து ஒருங்கிணைப்பாளர் அழைத்து விசாரித்தபோது அவர் கோபப்படவும் இல்லை. ‘போட்டுத் தந்தன் அக்கா. எடுக்கிறீங்களா இல்லையா எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. பிறகு நான் என்னத்தக் கேக்கிற?’

அந்தப் போஸ்டரில் உண்மையிலேயே சிக்கல்கள் இருந்தன. எழுத்து பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருவில். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். லிப்ரே ஒஃபிஸ் சின்னத்தின் நிறத்தை அவர் தன் விருப்பத்துக்கு மாற்றியிருந்தார். மூலநிரல் திறந்தது என்றாலும் பெயரும் சின்னமும் வணிகக்குறி. அவற்றைப் பயன்படுத்த விதிகள் உண்டு. பின்னணியில் இருந்த கல்லடிப் பாலத்துப் படம் யாரோ ஒருவரின் பேஸ்புக் பக்கத்தில் இருந்து எடுத்தது. பழைய ஆட்கள் எல்லோருக்கும் இந்த மூன்றும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தன. புதுப் பிள்ளை, முதல் வேலை, சொன்னால் மனம் நோகும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். கட்டைவிரல் காட்டியவர்களில் இதைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தம்பியை அனுப்பி வைத்தது இந்த நல்ல மனம்தான்.

நிரலுக்கு இருப்பது பரப்புரைக்கு இல்லை

நிரல் எழுத வருபவருக்கு வாசலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. லிப்ரே ஒஃபிஸில் ‘ஈசி ஹெக்ஸ்’ என்று புதியவர்களுக்கான சிறு வேலைகளைத் தனியே குறித்து வைத்திருக்கிறார்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் முதல் வேலைக்கு உகந்தது என்று அடையாளமிட்ட பட்டியல்கள் கிடைக்கும். நீங்கள் மாற்றத்தை அனுப்பினால் இயந்திரம் சோதித்துப் பார்க்கும். பிழை என்றால் சிவப்புக் காட்டும். பிறகு அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஒருவர் ஏற்பார், அல்லது திருப்புவார். திருப்பினாலும் அது ஒரு பதில்.

போஸ்டருக்கு அப்படி ஒரு இயந்திரம் கிடையாது. எல்லோருக்கும் அபிப்பிராயம் இருக்கும், ஒருவருக்கும் அதிகாரம் இருக்காது. பெரிய திட்டங்களே இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. இணையத்தளம் அமைக்க உதவும் திறமூல மென்பொருளான வேர்ட்பிரஸ் தன் தன்னார்வச் சந்தைப்படுத்தல் குழுவை 2024இல் நிறுத்திவிட்டு, ஊடகக்காரர்களோடு வேலை செய்யும் வேறொரு ஏற்பாட்டுக்குப் போனது. 2004இல் ஃபயர்பொக்ஸ் செய்தது இதற்கு மறுபக்கம். அவ்வருடம் டிசெம்பரில் நியூயோர்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. பணம் தந்த ஏறத்தாழப் பத்தாயிரம் பேரின் பெயர்கள் அதில் பொடி எழுத்தில் இருந்தன. அங்கே ஒரு தன்னார்வலர் என்ன செய்ய வேண்டும், செய்தால் என்ன நடக்கும் என்பதில் குழப்பமே இல்லை. கொடுத்தால் பெயர் வரும். என் பார்வையில் அந்த விளம்பரத்தின் பலம் பக்கத்தின் அளவில் இல்லை, இந்தத் தெளிவில்தான் இருந்தது.

முறை வைத்தல்

பெப்ரவரியில் ஒருங்கிணைப்பாளர் கொண்டுவந்த மாற்றம் பார்வைக்கு மிகச் சிறிது. வாரம் ஒருவர் ‘முறைகாரர்’. அந்த வாரம் குழுவுக்கு வரும் எந்த ஆக்கத்துக்கும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்லும் பொறுப்பும் உரிமையும் அவருக்கு மட்டும். மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், முடிவு அவருடையது. நமது ஊர்க் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடிக்கு என்று இருக்கிறதே, அதே ஏற்பாடுதான். அன்றைக்கு எண்ணெய் குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஒருவரும் தலையைச் சொறிவதில்லை.

பதிலும் மூன்றே வகை. எடுத்தாச்சு, இன்ன திகதிக்குப் போடுகிறோம். அல்லது, இன்ன இன்னதை மாற்றித் தாருங்கள், எடுக்கிறோம். அல்லது, இது வேண்டாம், காரணம் இது. கட்டைவிரலும் பூவும் பதிலாகக் கணக்கில் வராது. மூன்றாவது வகையைச் சொல்லத்தான் எல்லோரும் தயங்கினார்கள். கல்முனையில் இருந்து வரும் ஒரு நானா தன் முறை வந்த முதல் வாரமே அதைச் சொல்ல வேண்டி வந்தது. மார்ச் மாதம், நோன்பு காலம். விண்டோஸ் 10 பற்றி ஒரு தங்கச்சி அனுப்பிய படத்தில் ‘ஒக்டோபர் 14க்குப் பிறகு உங்கள் கணினி வேலை செய்யாது’ என்று பெரிய சிவப்பு எழுத்து. பார்த்தவுடன் கண்ணில் அடிக்கும், பகிர்வும் நிறைய வரும். ஆனால் பொய். 2025 ஒக்டோபர் 14உடன் மைக்ரோசொஃப்ட் நிறுத்துவதாகச் சொன்னது வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை (அப்டேட்). கணினி மறுநாளும் எழும்பும். நானா ஒரு குரல் செய்தி போட்டார்: ‘தங்கச்சி, படம் நல்லாருக்கு, வசனம் சரியில்ல. கடைக்காரர் 15ஆந் திகதி கணினியப் போட்டுப் பார்ப்பார், எழும்பும். அதுக்குப் பிறகு நம்ம சொல்ற ஒண்டையும் நம்ப மாட்டார். வசனத்த மாத்துங்க, இண்டைக்கே எடுப்பம்.’ அன்று நோன்பு திறந்த பிறகு மாற்றிய படம் வந்தது. ‘இனிப் பாதுகாப்பு இராது’ என்று ஆரம்பித்தது. போட்டார்கள்.

அந்தத் தங்கச்சி பின்னர் தானே முறைகாரரானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று கேட்டவர்கள் ஓடிப்போவார்கள் என்று நாங்கள் பயந்தது அவர் விஷயத்தில் நடக்கவில்லை.

முதல் வேலை

அடுத்த மாற்றம், சேர்ந்த அன்றே ஒரு வேலை. ‘அறிமுகப்படுத்துங்கள்’ என்று கேட்பதை விட்டார்கள். அறிமுகம் கேட்டால் பிள்ளைகள் பெயர், ஊர், பாடசாலை மூன்றையும் ஒரு வரியில் எழுதிவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். அதற்குப் பதில், ஊரில் இருந்தே முடிக்கக்கூடிய, வடிவமைப்பு எதுவும் தெரியாமல் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை. உதாரணமாக, நமது போஸ்டர் ஒன்றை வீட்டில் ஒரு பெரியவருக்குக் காட்டி, அவருக்கு என்ன விளங்கியது என்று அவர் சொன்னபடியே எழுதி அனுப்புவது. எழுத்துப்பிழை பார்க்கும் எனக்கு இதைவிட உதவியான வேலை எவரும் செய்து தந்ததில்லை. ஒரு பிள்ளையின் பெரியம்மா, ‘சுதந்திர மென்பொருள்’ என்ற தலைப்பைப் பார்த்து ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்திருக்கிறார்.

இன்னொரு வேலை, உங்கள் சந்தியில் உள்ள கொமினிகேஷன் கடைக்குப் போய் மூன்று விஷயம் கேட்டு வருவது. கணினியில் எந்த விண்டோஸ் ஓடுகிறது, அது 11க்கு ஏறுமா, கடைக்காரருக்கு இதில் என்ன கவலை. விண்டோஸ் 11க்கு டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், மையச் செயலியும் (புரோசெசர்) ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். நகல் எடுத்துக் கொடுக்கும் கடைகளில் இருக்கும் பழைய பெட்டிகள் பல அந்தப் படியைத் தாண்டாது. வெளிநாட்டில் கேடிஈ (லினக்ஸுக்கான திரைமுகப்பு செய்பவர்கள்) போன்ற திட்டங்கள் இதைப் பிடித்துக்கொண்டு லினக்ஸுக்கு வாருங்கள் என்று பரப்புரை செய்துகொண்டிருந்தன. நமது குழுவும் அதையே தமிழில் சொல்ல இருந்தது.

பிள்ளைகள் கொண்டுவந்த பதில் வேறு. பாதுகாப்பு இற்றைப்படுத்தல் பற்றிக் கடைக்காரர்களில் அநேகமாக எவரும் கவலைப்படவில்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: ‘நம்மட பாமினி ஃபைல் எல்லாம் அதில திறக்குமா?’ வருடக்கணக்காகச் சேர்ந்த விண்ணப்பங்கள், கலியாண அட்டைகள், மரண அறிவித்தல்கள், கிராம சேவகருக்கான கடிதங்கள் எல்லாம் பாமினியில். பெயரை மட்டும் மாற்றி மறுபடி அச்சடிப்பதில்தான் கடையின் பாதி வருமானம்.

இதற்கு நேர்மையான பதில் உண்டு. பாமினி என்பது எழுத்துரு மட்டும்தான்; ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் கணினியிலும் அந்த எழுத்துருவை நிறுவினால் லிப்ரே ஒஃபிஸில் கோப்பு தமிழாகவே திறக்கும், அதே விசைகளில் தட்டவும் முடியும். பக்க அமைப்பு அங்கங்கே நகரலாம். கொரல்ட்ரோ என்ற வடிவமைப்பு மென்பொருளில் செய்த அட்டைகள் வேறு கதை. அவற்றை வைத்துப் பிழைக்கும் கடைக்கு அவசரப்பட்டு லினக்ஸைச் சொல்லக்கூடாது. இது முழுவதும் ஒரு துண்டுப் பிரசுரமாக வந்தது. தலைப்பே ‘உங்கள் பாமினி கோப்பு இங்கேயும் திறக்கும்’. கொரல்ட்ரோ பற்றிய எச்சரிக்கையைக் கீழே பொடி எழுத்தில் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஏறாவூர்த் தம்பி, ஆம், அவர்தான், அழைத்த பிறகு திரும்பி வந்திருந்தார், அச்சகத்தில் நின்ற அனுபவத்தில் அதை நடுவில் பெரிதாகப் போட வைத்தார். இந்த முறை அவரும் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டில், நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் தட்டினார், முணுமுணுத்துக்கொண்டுதான். பாமினியில் அவர் தட்டும் வேகம் யுனிகோட் விசைப்பலகையில் இன்னும் வரவில்லை, அதில் அவர் சொல்வது நியாயம்.

இதில் எனக்குப் பட்டதைச் சொல்லியாக வேண்டும். புதியவருக்குச் சின்ன வேலை கொடுப்பது அவரைப் பழக்குவதற்கு என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். இங்கே பழகியது குழு. பழைய ஆட்கள் கொட்டிலில் உட்கார்ந்து தீட்டிய செய்தியை, சேர்ந்து ஒரு வாரம் ஆகாத பிள்ளைகள் கடை வாசலில் நின்று மாற்றிவிட்டார்கள்.

தொலைபேசி இலக்கம், சான்றிதழ், நள்ளிரவுக் கூட்டம்

பெண்பிள்ளைகள் பலர் சேர்ந்த அன்றே விலகியதற்குக் காரணம் மிக எளிது. வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் முன்பின் தெரியாத ஆளிடம் இருந்து ‘ஹாய்’ வரும். இதை எவரும் முறைப்பாடாகச் சொல்லவில்லை. காத்தான்குடி மிஸ் ஒருவர் கேட்டு அறிந்த பிறகுதான் வெளியே வந்தது. வேலை நடக்கும் இடத்தை இலக்கத்தை மறைக்கக்கூடிய டெலிகிராமுக்கு மாற்றி, வட்ஸ்அப்பை அறிவித்தலுக்கு மட்டும் வைத்தார்கள். திறமூலக் குழு ஏன் மேட்ரிக்ஸ் என்ற திறமூல அரட்டை வசதியைப் பயன்படுத்தவில்லை என்று ஒரு நீண்ட வாக்குவாதம் நடந்தது. வாதிட்டவர்கள் எல்லோரும் ஆண்கள்.

சான்றிதழ் விஷயம் இன்னும் தீரவில்லை. நமது ஊரில் மூன்று மணி நேரக் கருத்தரங்குக்கும் சான்றிதழ் உண்டு, பிள்ளைகள் அதை எதிர்பார்ப்பதில் பிழை இல்லை. ஆனால் திறமூலத் திட்டங்களுக்கு மாற்றம் அனுப்பினால் டீ-சேர்ட் தரும் ஹக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வுக்கு 2020இல் நடந்தது நினைவில் இருந்தது. டீ-சேர்ட்டுக்காக ஆட்கள் அர்த்தமில்லாத மாற்றங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பி, திட்டப் பராமரிப்பாளர்களுக்கு வெறுப்பேற்றினார்கள். கடைசியில், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. ஆகவே இங்கே சான்றிதழ் இல்லை. கேட்பவருக்கு அவர் செய்த ஆக்கங்களின் பெயர் சொல்லி ஒரு கடிதம். வேலை நேர்முகத்தில் இந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

லிப்ரே ஒஃபிஸ் போன்ற தாய்த் திட்டங்களின் இணையவழிக் கூட்டங்கள் ஐரோப்பிய மாலையில் நடப்பதால் நமக்கு அநேகமாக இரவு பத்து பதினொன்று ஆகிவிடும். அதை யாரோ ஒருவர் கேட்டு, மறுநாள் தமிழில் ஐந்து நிமிடக் குரல் செய்தியாகப் போடுகிறார். அது போதுமாக இருக்கிறது.

போகும் ஆட்கள்

பெறுபேறு வந்ததும் கலைவு தொடங்கியது. சிலர் மறுபடி பரீட்சை எழுதப் போனார்கள், சிலர் கொழும்புக்கு வேலைக்கு. இதைத் தோல்வியாக எண்ணுவதை ஒருங்கிணைப்பாளர் நிறுத்திவிட்டார். ஒருவர் சேரும்போதே ‘எப்ப வரைக்கும் நிப்பீங்க?’ என்று கேட்கிறார். ஏப்ரல் என்றால் ஏப்ரல். மார்ச்சில் அவருடைய மூலக் கோப்புகள் பொதுக் கோப்புறைக்கு வந்துவிட வேண்டும், அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இந்த விதிக்கு ஒரு பின்கதை உண்டு. பேஸ்புக் பக்கத்துக்கு ஒரேயொரு நிர்வாகி இருந்தார். அவர் கட்டாருக்குப் போனதும் பழைய சிம் அட்டை செயலிழந்துவிட்டது. நுழைவுக்கான இரகசிய இலக்கம் அந்தத் தொலைபேசி இலக்கத்துக்குத்தான் போகும். ஆள் நல்லவர், உதவ ஆசைப்பட்டார், அவருக்கே உள்ளே போக முடியவில்லை. பக்கத்தைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். இப்போது மூன்று நிர்வாகிகள்: ஒருவர் ஊரில் நிரந்தரமாக இருப்பவர், மற்ற இருவர் மாணவர்கள்.

முறை வைத்தலிலும் ஓட்டை இருக்கிறது. பொறுப்பெடுக்கத் துணிபவர்கள் ஐந்தாறு பேர்தான். ஒன்றரை மாதத்தில் ஒருவருக்கே முறை திரும்ப வருகிறது, களைக்கிறார்கள். படுவான்கரைப் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போனால் இரண்டு நாள் கெடு பொருந்தாது. அந்த மாதங்களில் ஒரு வாரத்துக்கு இரண்டு பேர், ஒருவர் எழுவான்கரை (வாவிக்கு இப்பால், கடற்பக்கம்), ஒருவர் படுவான்கரை என்று சோடி போடலாமா என்று பேச்சு நடக்கிறது. யார் யாரோடு என்ற பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை.